350 டீலர்களுக்குச் சென்னையில் எந்த ஹால்?

கேள்வி இது: "அம்பத்தூரில் பிளம்பிங் பொருட்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வருட டீலர் மீட்டைச் சென்னையில் நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதிலிருந்தும் 350 பேர் வருவார்கள். காலையில் கூட்டமும் புதுப் பொருட்களின் அறிமுகமும், மதியச் சாப்பாடு, பிறகு விருது வழங்கல், இரவு விருந்து. மூன்று ஹால்களில் விலை வாங்கியிருக்கிறேன். வாடகை குறைவாக இருப்பதை எடுத்துவிடலாமா?"

அந்த மூன்று விலைப்பட்டியலையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு தாளில் அந்த ஒரு நாளை மணிக்கணக்காக எழுதுங்கள். முதல் டீலர் சென்னையில் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இறங்குவார்? எங்கே குளிப்பார், எங்கே டிபன் சாப்பிடுவார்? கூட்டம் தொடர்ந்து எவ்வளவு நேரம் நடக்கும்? சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடப் போகிறீர்கள்? ஊர் திரும்புகிறவர் எத்தனை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்? இதையெல்லாம் எழுதி முடித்தாலே நீங்கள் பார்க்கிற ஹால்களில் பாதிக்கு மேல் தானாகக் கழிந்துவிடும். வாடகை பேசுவது அதற்கப்புறம்தான்.

வருகையிலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் டீலர் மீட்டில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம் அதுதான். மதுரை, நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் பாண்டியன், நெல்லை, முத்துநகர் எக்ஸ்பிரஸ்களில் இரவு ஏறினால் காலையில் தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்குவார்கள். தெற்கிலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம்தான் கடைசி நிறுத்தம். கோவை, ஈரோடு, சேலம்காரர்கள் சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ்களில் சென்ட்ரலுக்கு வருவார்கள். வேலூர், காஞ்சிபுரம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் சொந்தக் காரில் பூந்தமல்லி வழியாக வருவார்கள். இந்த நான்கு திசைக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். அம்பத்தூர் உங்கள் ஊழியர்களுக்கு வசதி, வருகிறவர்களுக்கு அல்ல. நான் முதலில் தேடுவது கிண்டி, பரங்கிமலை, நந்தம்பாக்கம், மீனம்பாக்கம் வட்டாரத்தில்தான். தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் நேராகக் கிண்டிக்கு வருகிறது. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் கிண்டிக்கோ ஆலந்தூருக்கோ மாறாமல் வந்துவிடலாம். விமானத்தில் வரும் உங்கள் இயக்குநர்களுக்கும் பக்கம். கிளாம்பாக்கத்துக்கு மட்டும் நீங்கள் வேன் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஈசிஆரில், மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளைப் பார்த்தால் மனம் அங்கேதான் போகும். 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டே அங்கே ஒரு ஹோட்டல் வளாகத்தில்தான் நடந்தது. பெரிய கூட்டத்தைத் தாங்கும் வசதி அங்கே உண்டு. ஆனால் அது தங்கி நடத்தும் இரண்டு நாள் நிகழ்ச்சிக்கான இடம். காலையில் வந்து இரவே ரயில் ஏறும் 350 பேரை அவ்வளவு தூரம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது, நாளில் நான்கு மணி நேரத்தைச் சாலையில் விடுவதற்குச் சமம். ஓஎம்ஆரும் அப்படித்தான், மெட்ரோ வேலை நடக்கும் வரை போகிற நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி குளியல். ஐந்து மணிக்கு இறங்குகிறவருக்கு ஒன்பதரை மணிக் கூட்டம் வரை ஓர் இடம் வேண்டும். ஹோட்டல்களில் செக்-இன் மதியம் பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோதான். அதனால் முந்தைய இரவிலிருந்தே அறை எடுக்க வேண்டும், அல்லது ஃப்ரெஷ்-அப் அறைகள் என்று தனியாகப் பேசி வாங்க வேண்டும். 350 பேரில் பாதிப் பேர் இரவுப் பயணம் செய்து வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஓர் அறைக்கு நான்கைந்து பேர் முறைபோட்டுக் குளித்தாலும் 35, 40 அறைகள் வேண்டும். அறையில்லாத ஹாலின் வாடகை குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து லாட்ஜில் அறை, அங்கிருந்து வண்டி என்று கூட்டிப் பார்த்தபின் ஒப்பிடுங்கள். இருபது வருடம் உங்கள் சரக்கை விற்ற பெரியவர் ரயில் நிலையக் குளியலறையில் வரிசையில் நின்று குளித்துவிட்டு விருது வாங்க வரக் கூடாது. டீலர் மீட்டின் நோக்கமே அவருக்கு மரியாதை செய்வதுதானே.

எந்த வகை இடம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சரிவான தரையும் நிலையான நாற்காலிகளும் உள்ள அரங்கங்கள் உங்களுக்கு ஒத்துவராது. மியூசிக் அகாடமி, நாரத கான சபா போன்றவை பேச்சுக்கும் கச்சேரிக்கும் அருமையானவை, ஆனால் டீலர்கள் எழுந்து போய் வால்வைக் கையில் எடுத்துப் பார்க்க, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேச அங்கே வழியில்லை. டிசம்பரில் சபாக்கள் கச்சேரிக்கே போதாது. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் 2001இலிருந்து இருக்கிறது, பின்னர் விரிவாக்கியும் விட்டார்கள், 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர் மாநாடு அங்கேதான் நடந்தது. பொதுமக்களுக்கும் சேர்த்துக் கண்காட்சி வைப்பதாக இருந்தால் அதற்கு ஈடில்லை. 350 பேர் மட்டும் என்றால் உங்கள் கூட்டம் அங்கே சின்னதாகத் தெரியும். கிண்டியில் 600 அறைகளோடு ஐடிசி கிராண்ட் சோழா இருக்கிறது. அந்தத் தரத்துக்கு உங்கள் நிர்வாகம் ஒத்துக்கொண்டால் அறை, ஹால், சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ் முடிந்துவிடும். அதற்கு அடுத்த நிலை ஹோட்டல்களில் ஹால் கொஞ்சம் சின்னதாக இருக்கும். கூட்டம் நடந்த அறையிலேயே சாப்பாடு போட, பின் மேஜையைத் திருப்பி விருது விழா நடத்த வேண்டிவரும்.

இங்கேதான் பலர் முகம் சுளிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நல்ல ஏசி கல்யாண மண்டபத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிச் சாப்பாட்டுக் கூடம் என்பது டீலர் மீட்டுக்குப் பெரிய வரம். மேலே கூட்டம் நடக்கும்போதே கீழே இலையோ பஃபேயோ தயாராகிவிடும், இடைவேளையில் ஹாலைக் கலைக்க வேண்டியதில்லை. மணமகன், மணமகள் வீட்டாருக்கென்று கட்டிய அறைகள் குளிக்க, உடை மாற்ற உதவும். குறை எங்கே என்றால் ஒலியில், இருட்டாக்க முடியாத ஜன்னல்களில், கழிப்பறைப் பராமரிப்பில், ஜெனரேட்டரில். இந்த நான்கும் சரியாக உள்ள மண்டபம் கிடைத்தால், நடுத்தர ஹோட்டலின் நெரிசலான ஹாலைவிட அதையே எடுப்பேன். சமையலுக்கு அவர்கள் சொல்லும் கான்ட்ராக்டர்தானா, வெளி ஆளுக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதியும் இதோடு சேர்ந்தது. சென்னையில் ஹால் வாடகையை முகூர்த்த நாட்கள்தான் தீர்மானிக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அதாவது ஏறக்குறைய ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரையும். அப்போது மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், ஹோட்டல் பேன்குவெட் மேனேஜரும் இறங்கி வருவார். ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் அதே ஹாலுக்கு இரட்டை விலை சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பணம் மட்டுமல்ல, முகூர்த்த ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் டீலர்களுக்கே இரண்டு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். 350 பேரை எதிர்பார்த்து 240 பேர் வந்தால் எந்த ஹாலும் வீண்தான். இரண்டு காலத்திலும் ஆடியையே நான் சொல்வேன். மார்கழியின் முதல் பாதி புயல் காலம் முடிந்தும் முடியாத நேரம். 2016இல் வர்தா வந்தது டிசம்பர் 12இல், 2023இல் மிக்ஜாம் வெள்ளம் டிசம்பர் முதல் வாரத்தில். வருடக் கடைசியில் ஹோட்டல் அறை விலையும் ஏறிவிடும்.

சரி, அளவுக்கு வருவோம். பிரசுரத்தில் "500 பேர் அமரலாம்" என்று இருந்தால், அது வரிசையாக நாற்காலி மட்டும் போட்டு, மேடையைக் கணக்கில் சேர்க்காமல் சொன்ன எண்ணாக இருக்கக்கூடும். நீங்களே கணக்குப் போடுங்கள். வரிசை நாற்காலிக்கு ஒருவருக்கு எட்டிலிருந்து பத்து சதுர அடி. 350 பேருக்கு மூவாயிரத்து ஐந்நூறு போதும். ஆனால் வட்ட மேஜை என்றால் கதை வேறு. ஆறடி மேஜை ஒன்றுக்கு நாற்காலியும் நடக்கிற வழியும் சேர்த்து ஏறக்குறைய 130 சதுர அடி பிடிக்கும். பத்துப் பேர் வீதம் 35 மேஜை, 4,550 சதுர அடி. அப்படிப் போட்டால் ஒவ்வொரு மேஜையிலும் மூன்று நான்கு பேர் மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம் என்று ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு மேஜைக்கு ஏழு பேர் உட்காரவைத்தால் 50 மேஜை, 6,500 சதுர அடி. மேடைக்கும் அதன் முன்னாலுள்ள இடைவெளிக்கும் ஒலி, ஒளி ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் இன்னொரு ஆயிரம் சேருங்கள். பொருட்களைக் காட்சிக்கு வைக்க ஹாலுக்கு வெளியே முன்கூடம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதுவும் உள்ளேதான் வரும். ஆகமொத்தம் உங்களுக்கு வேண்டியது எட்டாயிரம் சதுர அடிக்குக் குறையாத, நடுவில் தூண் இல்லாத ஹால். டேப்பை எடுத்துப் போய் நீங்களே அளந்து பாருங்கள்.

உயரத்தையும் அளக்க வேண்டும். எல்இடி திரை எட்டடி உயரம், மேடை மூன்றடி, இரண்டுக்கும் நடுவில் ஓரடி என்றால் திரையின் மேல்விளிம்பே பன்னிரண்டு அடிக்குப் போய்விடும். கூரை பதினான்கு அடியாவது இருக்க வேண்டும், அதிலும் சரவிளக்கு தொங்கினால் அதன் அடிப்பாகம் வரைதான் கணக்கு. தூரத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. படத்தை மட்டும் பார்ப்பதானால் திரையின் உயரத்தைப் போல் எட்டு மடங்கு தூரம் வரை உட்காரலாம், எழுத்தைப் படிப்பதானால் ஆறு மடங்கு. எட்டடித் திரையில் விலைப்பட்டியலையோ ஸ்கீம் விவரத்தையோ போட்டால் 48 அடிக்கு அப்பால் இருப்பவர் படிக்க முடியாது. நீளமான, ஒடுங்கிய ஹாலில் பின்வரிசை டீலர்கள் போனை எடுத்துவிடுவது இதனால்தான். அகலமான ஹாலைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் நடுவில் இரண்டு திரைகளைக் கூடுதலாக வையுங்கள்.

ஒலிக்கு ஒரு சின்னச் சோதனை போதும். காலி ஹாலின் நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். சத்தம் வாலாக நீண்டு வந்தால் அங்கே பேச்சு புரியாது. கண்ணாடிச் சுவரும் பளிங்குத் தரையும் உள்ள ஹால்களில் இது அதிகம், ஆள் நிறைந்தால் கொஞ்சம் குறையும். ஹோட்டலில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இந்த ஹாலை மடிப்புத் தடுப்பு போட்டுப் பிரித்திருக்கிறீர்களா, அன்று அந்தப் பக்கம் என்ன நிகழ்ச்சி? உங்கள் நிர்வாக இயக்குநர் பேசும்போது பக்கத்து நிச்சயதார்த்தத்தின் நாதஸ்வரம் கேட்பது சென்னையில் சர்வ சாதாரணம். அந்தப் பகுதியைக் கூட்ட நேரத்தில் யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஹால் எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வரும் என்பதை வாடகையைவிட முக்கியமாகப் பாருங்கள். ஹோட்டல்கள் ஒரே ஹாலை மதியம் ஒருவருக்கு, இரவு இன்னொருவருக்கு என்று விற்கின்றன. முந்தைய இரவு வரவேற்பு நடந்திருந்தால் அதைக் கலைத்துச் சுத்தம் செய்யவே நள்ளிரவு தாண்டிவிடும். மேடை, திரை, ஒலி, விளக்கு எல்லாம் பொருத்த ஆறேழு மணி நேரம் வேண்டும், ஒத்திகைக்கு இன்னும் ஒரு மணி நேரம். காலை ஆறு மணிக்குத்தான் சாவி கிடைக்கும் என்றால் உங்கள் ஒன்பதரை மணிக் கூட்டம் நடக்கவே நடக்காது. முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி ஹாலைப் பிடிப்பதே மேல். லாரி எங்கே நிற்கும், சர்வீஸ் லிஃப்ட்டில் திரையின் பெட்டி நுழையுமா, பகலில் அந்தச் சாலையில் கனரக வண்டிக்கு அனுமதி உண்டா என்பதை உங்கள் ஒலி, ஒளி ஒப்பந்தக்காரரையே கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கரண்ட் போனால் ஜெனரேட்டர் விளக்கை மட்டும் எரிக்குமா, ஏசியையும் ஓட்டுமா? ஏசி ஓடாத ஹாலில் 350 பேர் கால் மணி நேரம்கூட உட்கார மாட்டார்கள்.

சாப்பாட்டில் பிளேட் விலையைவிட வேகம் முக்கியம். நூறு பேருக்கு ஒரு பஃபே வரிசை, அதுவும் இரண்டு பக்கமும் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். 350 பேருக்கு நான்கு வரிசை, சைவத்துக்குத் தனியாக ஒன்று. இரண்டே வரிசையில் முடித்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மதிய இடைவேளை ஒன்றரை மணி நேரமாக இழுத்து, விருது விழா தள்ளிப்போய், ரயில் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். மண்டபத்தில் இலை போட்டுப் பரிமாறினால் ஒரு பந்திக்கு அரைமணி, இரண்டு பந்தியில் முடியும். என் அனுபவத்தில் டீலர்களுக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது, உட்கார்ந்து சாப்பிடும் மரியாதையே வேறு. மினிமம் கேரண்டி எண்ணை, அதாவது ஆள் குறைந்தாலும் நீங்கள் பணம் கட்டியே ஆக வேண்டிய எண்ணிக்கையை, குறைத்தே கொடுங்கள், 350 பேர் பதிவு செய்திருந்தால் 310 போதும். கூடுதலாக வந்தால் அதே விலையில் எத்தனை பேர் வரை போடுவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சட்டம் சார்ந்தவற்றில் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, மூடிய அரங்குக்கு மட்டும் விலக்கு. ஆகவே இரவு விருந்தைப் புல்வெளியில் வைத்தால் பாட்டு பத்து மணிக்கு நின்றுவிடும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். இரண்டாவது, சினிமாப் பாட்டு போடுவதற்குப் பிபிஎல், நோவெக்ஸ், ஐபிஆர்எஸ் போன்ற இசைப் பதிப்புரிமை அமைப்புகளிடம் உரிமம் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்குச் சட்டம் தரும் விலக்கு கம்பெனி விழாவுக்குக் கிடையாது. ஹோட்டல் எடுத்திருக்கிறதா, நீங்கள் எடுக்க வேண்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள். மூன்றாவது மது. பார் உரிமம் உள்ள ஹோட்டலைத் தவிர வேறெங்கும் அந்த யோசனையே வேண்டாம். 2023இல் அரங்குகளிலும் சிறப்பு உரிமத்தில் மது பரிமாறலாம் என்று விதி வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் கல்யாண மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று அரசே சொல்லிவிட்டது.

பில் வரும்போது அதிர்ச்சி அடையாமலிருக்க, எல்லா ஹால்களிடமும் ஒரே படிவத்தில் விலை கேளுங்கள்: வாடகை, முந்தைய இரவு, மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், சுத்தம் செய்யும் கட்டணம், வெளி ஒலி, ஒளி ஆட்களைக் கொண்டுவந்தால் அதற்கு ஏதாவது கட்டணம், வாலே பார்க்கிங், எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. சாப்பாட்டுக்கும் கேட்டரிங்குக்கும் கட்டிய ஜிஎஸ்டியை பொதுவாக உள்ளீட்டு வரியாக, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. வாடகையையும் சாப்பாட்டையும் தனித்தனியாகக் காட்டும் பில் உங்களுக்கு உதவுமா என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இதைப் படிக்கும் வெளிமாநில நிறுவனத்தார் ஒன்றைக் கவனியுங்கள். ஹால் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில்தான் வரி விழும். பெங்களூரில் மட்டும் பதிவு வைத்துக்கொண்டு சென்னையில் ஹால் எடுத்தால் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி போட்ட பில்தான் வரும், அந்த வரி வாடகைக்கானதாக இருந்தாலும் உங்கள் கணக்கில் ஏறாது.

இரண்டு ஹால்களாகச் சுருக்கிய பின், வேறு யாருடைய நிகழ்ச்சியோ நடக்கும் ஒரு நாளில், சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். காலி ஹாலைக் காட்டும்போது எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். கூட்டம் உள்ளபோது கழிப்பறை எப்படி இருக்கிறது, பெண்களுக்குப் போதுமான எண்ணிக்கையில் உண்டா, வாசலில் வண்டிகள் எவ்வளவு நேரம் தேங்குகின்றன, ஏசி குளிர்கிறதா, சக்கர நாற்காலியில் வருபவர் மேடைக்கு ஏற வழியிருக்கிறதா, அவசரக் கதவுகளுக்கு முன்னால் நாற்காலி அடுக்கியிருக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அவசர வழியை அடைத்து வைத்திருக்கும் ஹாலை, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

பிடித்துவிட்டால் ஒரு வாரத்துக்கு முன்பணமில்லாமல் தற்காலிகமாக (டென்டேடிவாக) பிளாக் செய்யச் சொல்லி, அதற்குள் நிர்வாகத்தின் ஒப்புதலை வாங்குங்கள். முன்பணம் கட்டும் முன் ரத்து விதியை முழுக்கப் படித்துவிடுங்கள். எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், புயலாலோ அரசு உத்தரவாலோ நின்றுபோனால் பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா, மாற்றினால் எத்தனை மாதத்துக்குள், பழைய விலையிலேயா என்று பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் தேதி வைத்தால் இந்த ரத்து விதி ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மூன்று விலைப்பட்டியலில் எந்த ஹாலாவது இவ்வளவையும் தாண்டி நின்றால், அதன் பெயரையும் தேதியையும் எழுதுங்கள், அந்த ஒப்பந்தத்தைச் சேர்ந்து பார்ப்போம்.